மிஷினை நிறுத்தாமல் சொன்ன பதில்

கோயம்புத்தூரில் இருக்கும் மகனுக்கு, சிவகாசியிலிருந்து அப்பா எழுதுவது. நலம் விசாரிக்கிற வேலையை உன் அம்மா தினமும் போனில் முடித்துவிடுவதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, அடுத்த மாதம் ஒரு சனி ஞாயிறு கொச்சிக்குப் போய் வருவோம், நீங்கள் இரண்டு பேரும் நாங்கள் இரண்டு பேரும் என்றாய். நான் சொன்ன பதில் உனக்கு மறந்திருக்காது. "எனக்கெதுக்குலே ஓட்டலும் கீட்டலும், ஒம் மாமனாரக் கூட்டிட்டுப் போ, அவருக்குத்தான் அதெல்லாம் பொருந்தும்" என்றேன். அதற்கு நீ, "மூணு எடம் பாத்து வச்சிருக்கேன். படம் அனுப்புறேன், எதுன்னு சொல்லுங்க. சொல்லலேன்னா இனிமே நான் கேக்க மாட்டேன்பா" என்று வைத்துவிட்டாய். கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போயிருப்பேன். நீ அலுத்துப்போய்ச் சொன்னாய். அதுதான் பயமாக இருக்கிறது.

இன்றைக்கு வியாழக்கிழமை. நீ அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டேன் என்பது உன் போனிலேயே தெரிந்திருக்கும். பார்த்துவிட்டு அப்பா சும்மா இருக்கிறார் என்று நினைத்திருப்பாய். சும்மா இல்லை. எந்த ஓட்டல் என்று சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதற்கு வாய் வரவில்லை. நாலு மாதமாக உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. லேசாக இல்லை, வயிறு எரிகிற பொறாமை. அறுபது வயதை நெருங்குகிற மனிதன் இதைப் போனில் எப்படிச் சொல்வது? அதனால் மிஷினில் வீணாய்ப்போன காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து பின்பக்கத்தில் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் மயில் மட்டும் இருக்கும், முருகன் இருக்க மாட்டார். கண்டுகொள்ளாதே.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. பொங்கலுக்கு மறுநாள் சம்பந்தி ஆனைக்குட்டத்திலிருந்து கரும்புக் கட்டோடு நம் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்து முடிக்கவில்லை, போனை எடுத்துவிட்டார். மாப்பிள்ளை டிசம்பரில் எங்களைக் கொச்சிக்குக் கூட்டிப்போனாக, எம்புட்டுப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்காகன்னு பாருங்க என்று ஒவ்வொரு படமாகத் தள்ளினார். பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அவர். பின்னால் தண்ணீர், அதில் ஒரு கப்பல். காலை டிபனுக்கு நீளமான மேஜையில் வரிசையாகச் சாப்பாடு, பழங்களே ஏழு எட்டு வகை. தர்பூசணித் துண்டைக் குச்சியில் குத்திப் பிடித்தபடி அவர். கரிசல் காட்டில் மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கும்போது தலையில் துண்டு கட்டியிருப்பாரே, அதே தலையில் ஒரு தொப்பி. என் மகன், என் மிஷின் எண்ணெய்ப் பிசுக்கில் வளர்ந்தவன், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாமனாரைக் கொண்டுபோய்க் கப்பல் பார்க்க உட்கார வைத்திருக்கிறானே என்று தோன்றியது. போகும்போது அந்த ஓட்டலில் கொடுத்த சின்ன சோப்பு ஒன்றை உன் அம்மா கையில் கொடுத்தார். நான் அதை வாங்கிப் பார்த்தேன். உறையில் பச்சை இலை கோட்டுக்கு வெளியே அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருந்தது. எங்கள் கம்பெனியாக இருந்தால் இந்த லோடையே திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்றேன். அவர் சந்தோஷமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் உன் அம்மா அந்த சோப்பைப் போட்டுக் குளித்துவிட்டு வந்தாள். வீடெல்லாம் வாசனை. அதற்கு நான் சண்டை பிடித்தேன் என்று சொன்னால் நீ நம்புவாயா? "சோப்பு ஒங்கள என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவர் என் போனுக்கு அனுப்பிய படங்களை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன், எங்காவது குறை இருக்கிறதா என்று. திரைச்சீலையில் ஒரு கறை கிடைத்தது. அன்றைக்கு இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டேன். இப்படி ஒரு மனிதன் உனக்கு அப்பாவாக இருக்கிறான் என்பதை நீ தெரிந்துகொள்வது நல்லதுதான்.

சோப்போடும் படத்தோடும் நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். உன் பெண்டாட்டி வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, "மாமா, நல்லா இருக்கீகளா, சாப்பிட்டீகளா" என்று கேட்கும். முன்பெல்லாம் பத்து நிமிஷம் பேசுவேன். பொங்கலுக்கப்புறம் 'ம்' என்று சொல்லிப் போனை உன் அம்மாவிடம் நீட்டிவிடுவேன். மாசிக் கடைசியில் சம்பந்தி வீட்டில் மூத்த பெண்ணின் குழந்தைக்குக் காதுகுத்து. நேரில் வந்து தாம்பூலம் வைத்து அழைத்தார்கள். எனக்கு அவசர ஆர்டர் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஆர்டர் எதுவும் இல்லை. அன்றைக்கு வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறி ஃபேன் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா தனியாகப் போய்விட்டு வந்தாள். மாமாவுக்கு என் மேல் என்ன கோபம் என்று கேட்டு அந்தப் பிள்ளை அடுப்படியில் அழுததாம். அதைக் கேட்ட பிறகும் நான் போன் செய்யவில்லை. பொறாமை செய்ய வைத்தது என்று அதன் தலையில் கட்டி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. செய்தது நான்தான்.

உனக்குத் திருவனந்தபுரம் ஞாபகம் இருக்கிறதா? நீ ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதியிருந்தாய். அதற்கு முந்தின மாதம் அங்கே இருக்கும் ஒரு லாட்ஜுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தோம், நாலு கலரில். கட்டிலில் வெள்ளை விரிப்பு, பக்கத்தில் ஜன்னல், ஜன்னல் நிறையக் கடல். முதலில் அடித்த தாளைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொண்டுவந்த ஏஜென்ட், "அண்ணாச்சி, கடலு செத்துக் கெடக்கு, நீலத்தக் கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்றான். ஏற்றினேன். ஏற்ற ஏற்ற எனக்கே ஆசையாகிவிட்டது. மிஷினிலிருந்து தாள் தாளாக அந்தக் கடல் வந்து விழுகிறது, என் பிள்ளை கடலைப் பார்த்ததில்லை. ஒரு தாளை மடித்து எடுத்து வந்து உன்னிடம் காட்டி, இங்கேதான் போகப்போகிறோம் என்றேன். நாரணாபுரத்தில் மத்தாப்புப் பெட்டி ஒட்டப் போய்க்கொண்டிருந்த உன் அம்மா இரண்டு நாள் லீவு போட்டாள். சாத்தூரில் ரயிலேறிப் போனோம். ரயில் முழுக்க அந்தத் தாளை நீ மடியிலேயே வைத்திருந்தாய்.

அறைக்குள் போனதும் நீ நேராக ஜன்னலுக்கு ஓடினாய். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டிடத்தின் சுவரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். "அப்பா, கடல் எங்கப்பா?" என்று கேட்டாய். நான் ஏதோ பூட்டைத் திருகிக்கொண்டு நின்றேன். "பிள்ள கடலு எங்கனன்னு கேக்கான்ல, சொல்லுங்க" என்று உன் அம்மா சிரித்தாள். நான் கீழே போய் மேனேஜரிடம் கத்தினேன். அவர் நிதானமாக, படம் பக்கத்து ஊர்க் கடற்கரையில் எடுத்தது, அச்சாபீஸ்காரன் இப்படிப் போட்டுவிட்டான், நாங்கள் என்ன செய்ய என்றார். அச்சாபீஸ்காரன் நான்தான் என்று சொல்ல முடியுமா? கடல் பஸ்ஸில் போனால் அரைமணி நேரத்தில் இருக்கிறது என்று அவரே வழியும் சொன்னார். போயிருக்கலாம். எனக்கு ரோஷம். மறுநாள் காலையிலேயே உங்களைக் கிளப்பிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். கடல் தெரிகிற அறை என்று பொய் சொல்லிய லாட்ஜ் என்று ஊரெல்லாம் திட்டினேன். நீலத்தை ஏற்றியது நான்தான் என்பதை உன் அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

லாட்ஜுக்குப் போய் இறங்கிய அன்றைக்குச் சாயங்காலம் சாப்பாட்டுக்கு அலைந்ததும் அதே கதைதான். ஒரு நல்ல ஓட்டல் வாசலில் நின்றோம். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு மெனு கார்டை விரித்து வைத்திருந்தார்கள். அந்த மாதிரி கார்டு எத்தனை அடித்திருப்பேன். பேப்பர் என்ன கனம், மேலே என்ன பூச்சு, எல்லாம் தொட்டுப் பார்க்காமலேயே சொல்வேன். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து எதைக் காட்டி எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. முள் கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியவில்லை. என் நகக்கண்ணில் மை கறுப்பு வேறு. அதனால் உங்களைத் தள்ளிக்கொண்டு போய், ரயிலடிப் பக்கம் நம் விருதுநகர்க்காரர் ஒருவர் போட்டிருந்த புரோட்டாக் கடையில் உட்கார வைத்தேன். எண்ணெயில் பொரித்த புரோட்டாவை மலையாள தேசத்தில் போய்த் தின்றோம். "நமக்கு இதுதாம்லே ஒத்துக்கும், பெரிய ஓட்டல் சாப்பாடெல்லாம் நமக்கு ஒத்துக்காது" என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். பயத்தை மறைக்கச் சொன்ன பேச்சு அது. அதற்கப்புறம் நீ படித்து வேலைக்குப் போய், எத்தனை முறை வெளியே சாப்பிடக் கூப்பிட்டாலும் அதே பேச்சைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஓட்டல் பிடிக்காது என்று நீ நம்பியதில் உன் தப்பு ஒன்றும் இல்லை.

நீ ஓட்டல் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்டாயே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீச்சல் குளம் எவ்வளவு நீலமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படு. அந்த நீலம் தண்ணீரில் இல்லை, மையில் இருக்கிறது. இப்போது போனிலேயே ஏற்றிவிடுகிறார்களாம், மிஷின்கூடத் தேவையில்லை. ஓட்டல்காரன் எடுத்த படத்தை விட்டுவிட்டு, தங்கினவர்கள் கோணல்மாணலாக எடுத்துப் போட்ட படத்தைப் பார். அதில்தான் பாத்ரூம் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, படி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் தெரியும். சாப்பிடும் இடத்தில் மெனு கார்டு புத்தகம் மாதிரித் தடியாக இருந்தால் எழுந்து வந்துவிடு. அத்தனையையும் தினமும் புதிதாகச் சமைக்க எந்த மாஸ்டராலும் முடியாது. அட்டை மேல் பிளாஸ்டிக் ஒட்டி வைத்திருந்தால் வருஷக்கணக்கில் அதே சாப்பாடு என்று அர்த்தம். ஒரே ஒரு தாளில் அடித்து, அதிலும் இரண்டு அயிட்டத்தைப் பேனாவால் கோடு போட்டு அடித்திருந்தால் தைரியமாக உட்கார். இன்றைக்கு மீன் வரவில்லை என்று சொல்கிற கடையில்தான் நேற்றைய மீன் இருக்காது. யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் இடத்தைப் பார். உன் அம்மாவுக்கு முட்டி மடங்காது, சனிக்கிழமை கவுச்சி தொட மாட்டாள். எனக்கு விடியக்காலை ஐந்து மணிக்கு டீ இல்லாவிட்டால் தலை கிறுகிறுக்கும். இதையெல்லாம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை என்பது செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் சம்பந்தி எங்கள் பிரஸ்ஸுக்கே வந்துவிட்டார். டிவிஎஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டு மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். காதுகுத்துக்கு வராததைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் இருக்கிற மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். சாம்பார் சோறு முடிந்து ரசம் வாங்கும்வரை மழை, விதைப்பு என்று பேசிக்கொண்டிருந்தவர், இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டு ஒரு சின்ன அட்டையை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒங்களுக்குச் சேர வேண்டியது சம்பந்தி. நாலு மாசமா எங்கிட்டயே கெடக்கு."

தடித்த கிரீம் நிற அட்டை. மேலே அந்த ஓட்டலின் பெயர். அதற்குக் கீழே நல்வரவு என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு, என் பெயர் போட்டிருந்தது. என் பெயர்தான், அப்பாவின் இனிஷியல் உட்பட. முப்பத்தைந்து வருஷமாக ஊருலகத்துக்கெல்லாம் பெயர் அடித்துக் கொடுக்கிறேன். என் பெயர் அச்சில் வந்தது என் கல்யாணத்துக்கு ஒருமுறை, உன் கல்யாணத்துக்கு ஒருமுறை. இது மூன்றாவது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். அந்த அறை உங்களுக்காகப் போட்டது சம்பந்தி, நீங்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டீர்கள், வீணாகப் போகுமே என்று மாப்பிள்ளை எங்களைக் கூப்பிட்டார், நாங்கள் போனோம், பெயரை மாற்ற முடியாமல் போய்விட்டது என்றார்.

"வாசல்ல எறங்கின ஒடனே ஒங்க பேரச் சொல்லி வாங்க சார்னு கூப்பிட்டாக. நானும் திரும்பிப் பாத்தேன், நீங்கதான் பின்னாடி வந்துட்டீகளோன்னு" என்றார். "ரெண்டு நாளும் நான் ஒங்க பேர்லதான் இருந்தேன். விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கதவத் தட்டி டீ குடுக்காக. நான் டீயே குடிக்கிறதில்ல. பாத்ரூமுல படி இருக்கக் கூடாது, முட்டி வலின்னு கேட்டு வாங்கிருக்காரு. என் வீட்டம்மாவுக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு. ஜன்னலத் தெறந்தா கடலு தெரியணும், எங்க அப்பாவுக்குன்னு மூணு தடவ கேட்டாராம். அந்த ஓட்டல் ஆபீஸ்காரரே எங்கிட்டச் சொன்னாரு. எனக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைக. எனக்கொரு மகன் இருந்தா இப்படிக் கேட்டிருப்பானோன்னு வயிறு எரிஞ்சுச்சு சம்பந்தி, பொய் சொல்லல."

போட்டோக்களை ஏன் அப்படிக் காட்டினார் என்று கேட்டேன். ஒங்க ரூமு, நீங்க பாக்காமப் போயிட்டீக, எப்படி இருந்துச்சுன்னு தெரிய வேண்டாமா என்றார். நான் இலையை மூடினேன், மோர் வாங்கவில்லை. நாலு மாதமாக நான் யாரைப் பார்த்து வயிறு எரிந்தேனோ அவர் நாலு மாதமாக என்னைப் பார்த்து எரிந்திருக்கிறார்.

வேண்டாமென்று நான் எப்போது சொன்னேன் என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். ஞாபகம் வந்தது. டிசம்பர், காலண்டர் சீசன், மூச்சுவிட நேரமில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது உன் போன். அந்த நேரத்தில் மிஷினை நிறுத்தினால் திரும்ப ஓடவிட்டுக் கலர் நிலைக்கு வருவதற்குள் ஒரு கத்தைத் தாள் வீணாகும், அதனால் எவன் கூப்பிட்டாலும் நிறுத்த மாட்டோம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். "அப்பா, ஒங்களுக்கும் அம்மாவுக்கும் ஓட்டல் போட்டிருக்கேன், வர்றீங்களா?" என்று கேட்டாய். கொச்சி என்று சொன்னாயோ என்னவோ, மிஷின் தின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஓட்டல் என்றால் இட்லி தோசை. படுக்கிற இடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். நீயும் இங்கே இருந்தவரைக்கும் அப்படித்தான் சொன்னாய். கோயம்புத்தூரில் எட்டு வருஷம் இருந்ததில் உன் வாயில் லாட்ஜெல்லாம் ஓட்டலாகிவிட்டது. நாங்கள் உன் வீட்டுக்கு வந்தால் வெளியே சாப்பாடு வாங்கித் தரப்போகிறாய் என்றுதான் நான் நினைத்தேன். "ஓட்டலெல்லாம் வேணாம்லே, நமக்கு ஒத்துக்காது. ஒங்கம்மா கட்டிக் குடுத்துருவா" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். இவ்வளவுதான் நடந்தது. திருவனந்தபுரத்தில் பயத்தை மறைக்க நான் கண்டுபிடித்த பேச்சு, இருபது வருஷம் கழித்து நான் எதைக் கேட்கிறேன் என்றே தெரியாமல் என் வாயிலிருந்து வந்துவிட்டது. கொச்சிக்கு வருகிறாயா என்று கேட்ட மகனுக்குக் கட்டுச்சோறு போதும் என்று பதில் சொன்ன ஒரே அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

அப்படியும் உன் மேல் எனக்கு ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ இன்னொருமுறை கேட்டிருக்கலாம். அப்பா ஒருமுறை வேண்டாமென்றால் அது பழக்கத்தில் வருவது, இரண்டாவது முறை சொல்வதுதான் பதில். நீ இனிமேல் யாரையாவது எங்காவது கூட்டிப்போகும்போது, உன் பெண்டாட்டியாக இருந்தாலும் சரி, நாளைக்குப் பிறக்கப்போகிற பிள்ளையாக இருந்தாலும் சரி, முதலில் சொல்கிற 'வேண்டாம்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. ஆனால் நான் உனக்குச் சொல்கிற லட்சணத்தில்தான் இருந்தேனா? நாலு மாதமாக, டேய், என்னைக் கேட்காமல் ஏன் போனாய் என்று ஒரு வார்த்தை உன்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்காமல் ஃபேன் துடைத்தேன்.

நேற்று வேலை முடிந்ததும் உன் பெண்டாட்டிக்கு நானே போன் செய்தேன். உன்னிடம் சொல்லியிருக்காது, சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன், நானே எழுதுகிறேன் என்றேன். காதுகுத்து அன்றைக்கு ஆர்டர் இல்லை, பொறாமைதான் என்று அதனிடமும் சொன்னேன். அதற்கு அது, "அந்த சோப்பு வேணும்னா இன்னும் ரெண்டு இருக்கு மாமா" என்றது. நல்ல பிள்ளையைத்தான் கட்டியிருக்கிறாய். என்னைவிடப் பேச்சில் கெட்டிக்காரி.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். நீ அனுப்பிய மூன்றில் முதலாவதில் குளம் இருக்கிறது, அதன் நீலத்தைப் பார்த்ததுமே ஒதுக்கிவிட்டேன். இரண்டாவது பழைய கட்டிடம், படம் பொய் சொல்லவில்லை, ஆனால் மாடிப்படி செங்குத்து, உன் அம்மாவுக்கு ஆகாது. மூன்றாவது அதே ஓட்டல். ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்தபோது, மாமனாருக்குப் பந்தி வைத்த மிச்சத்தை எனக்குப் போடுகிறான் என்று கொதித்தேன். இப்போது அதுதான் வேண்டும். அதே அறை கிடைத்தால் அதே அறை. அதே பிரம்பு நாற்காலி. ஐந்து மணிக்கு டீ. உன் அம்மாவிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு, நீலம் ஏற்றாத கடல் எப்படி இருக்கும் என்று நான் பார்க்க வேண்டும். காலை டிபனுக்கு அந்த நீள மேஜைக்குப் போகும்போது என் பக்கத்தில் நில், கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று காட்டிக்கொடு. வெட்கப்பட மாட்டேன்.

சம்பந்தியையும் சேர்த்துக் கூட்டிப்போகலாம் என்று உனக்குத் தோன்றும். பெரிய மனசோடு சரி என்று எழுத ஆசைதான், வரவில்லை. அடுத்த முறை அவரும் வரட்டும், அவர் பெயரிலேயே ஒரு அறை போடு, ஒரு அட்டையும் அடிக்கச் சொல். இந்த முறை நாம் நாலு பேர் மட்டும். பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. முன்பு நீ அவரைக் கூட்டிப்போனாய் என்று எரிந்தது. இப்போது என் பெயரில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்துவிட்டாரே என்று எரிகிறது. நான் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் அது அடங்கும். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு ஒரு படம் எடுத்து அவருக்கு நானே அனுப்புவேன், தொப்பியோடு.

இந்தக் கடிதம் கூரியரில் சனிக்கிழமை காலை உன் கைக்கு வந்துவிடும். படித்து முடித்ததும் போன் செய். வேறு எதையும் பேசாதே, மன்னிப்பு அது இதென்று இழுக்காதே, எனக்கு அழுகை வந்துவிடும், பக்கத்து மிஷின்காரர்கள் பார்ப்பார்கள். டிசம்பரில் கேட்டாயே, அதையே அதே மாதிரி கேள். "அப்பா, ஒங்களுக்கும் அம்மாவுக்கும் ஓட்டல் போட்டிருக்கேன், வர்றீங்களா?" என்று. போனில் சத்தம் எதுவும் கேட்காது. கட் ஆகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. மிஷினை நிறுத்தியிருப்பேன்.